தலைமையாசிரியருக்கு வகுப்பறையில் என்ன வேலை? புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் கேட்கும் கேள்விகள்

பட்டதாரி ஆசிரியராக இருந்து பதவி உயர்வில் தலைமையாசிரியர் ஆனவர்கள் முதல் சில மாதங்களில் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். நானும் அந்த வழியில் வந்தவன். முதலில் கணக்கு ஆசிரியர், அப்புறம் ஒரு நடுநிலைப் பள்ளி, அதன்பின் ஓர் உயர்நிலைப் பள்ளி, இப்போது ஓய்வு. ஊதியப் பட்டியல், தணிக்கை, டி.சி. பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதைச் சொல்லித்தர ஒவ்வொரு அலுவலகத்திலும் ஆள் இருக்கிறார்கள். பாடமும் வகுப்பறையும் மட்டும் இங்கே.

பாடத்திட்டம் மேலே போடுகிறார்கள், புத்தகமும் மேலிருந்து வருகிறது. தலைமையாசிரியர் வழிகாட்ட இதில் என்ன மிச்சம் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பாடத்திட்டத்தை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் வகுக்கிறது, பாடநூல் கழகம் அச்சிடுகிறது. 2018-19இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள் வந்தபோதும் சரி, மறு ஆண்டு மற்ற வகுப்புகளுக்கு வந்தபோதும் சரி, அதில் ஒரு வரியை மாற்றவும் நமக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் புத்தகத்தில் இருப்பது ஒன்று, வகுப்பில் நடப்பது ஒன்று, பிள்ளைக்குப் போய்ச் சேர்வது வேறொன்று. வழியில் எவ்வளவு சிந்துகிறது என்பதைப் பள்ளிதான் முடிவு செய்கிறது.

இதற்குப் பெரிய சாட்சி 11ஆம் வகுப்பு. பல பள்ளிகளில் பல ஆண்டுகளாக 11ஆம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, 12ஆம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் நடத்தினார்கள். பாடத்திட்டத்தை யாரும் மாற்றவில்லை, அரசாணையும் வரவில்லை. கால அட்டவணையில் ஒரு தீர்மானம் நடந்தது, அவ்வளவுதான். கல்லூரிக்குப் போன பிள்ளைகள் அடிப்படையே தெரியாமல் திணறினார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. இனி 11ஆம் வகுப்புப் பாடம் 11ஆம் வகுப்பில் நடக்கிறதா என்று பார்க்க வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். தலைமையாசிரியர்தான் பார்க்க வேண்டும்.

9ஆம் வகுப்பிலும் இதே கதை உண்டு. ஜனவரி பிறந்ததும் 10ஆம் வகுப்புப் புத்தகம் மெல்ல உள்ளே வரும். ‘முன்கூட்டியே ஆரம்பிச்சா நல்லதுதானே சார்’ என்பார்கள். நல்லதல்ல. 9ஆம் வகுப்பு இயற்கணிதம் அரைகுறையாக நின்றால் 10ஆம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டில் அது வட்டியோடு திரும்பி வரும்.

நான் தமிழாசிரியராக இருந்தவன். கணக்கு வகுப்பில் உட்கார்ந்து என்ன சொல்ல முடியும்?

பாடத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். பிள்ளையைப் பற்றிச் சொல்லலாம்.

கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். ஆசிரியரைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் பையனின் நோட்டைப் பாருங்கள். கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுதியிருக்கிறானா, அவனாகப் போட்டிருக்கிறானா? ஒரு கணக்கை மெதுவான குரலில் அவனையே போடச் சொல்லுங்கள். ஒரு முறை 7ஆம் வகுப்பில் பின்னக் கூட்டல் நடந்துகொண்டிருந்தது. பலகையில் விடை அழகாக, வரிசையாக இருந்தது. ‘புரிஞ்சுதா?’ என்றதும் வகுப்பே ‘புரிஞ்சுது சார்’ என்றது. என் பக்கத்துப் பையனிடம் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினான். ‘அரை தோசையோட இன்னும் கொஞ்சம் தோசை சேர்த்தா அரையைவிடக் குறையுமா தம்பி?’ என்றேன். யோசித்துவிட்டுச் சிரித்தான். இதைக் கண்டுபிடிக்கக் கணக்கில் பட்டம் வேண்டாம்.

எந்தப் பாடமானாலும் சில தவறுகள் தலைமுறை தலைமுறையாக வருபவை. முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதுவது. 52இலிருந்து 27ஐக் கழிக்கும்போது ‘ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து’ என்று 35 போடுவது. ஆங்கிலத்தில் பாடத்தை மனப்பாடமாகக் கூட்டாக வாசிக்கும் பிள்ளைக்கு நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் வாசிக்க முடியாமல் போவது. ஆசிரியர்களிடம் கேட்டே ஒரு பட்டியல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘உங்க பாடத்தில் பசங்க எங்கே விழுவாங்க?’ என்று கேட்டால் எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார், உற்சாகமாகவே சொல்வார். உங்களுக்கும் பாடம் ஆயிற்று.

எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? ரவுண்ட்ஸ் போனால் போதாதா?

முழுப் பாடவேளையும். வாரத்துக்கு இரண்டு வகுப்பு முழுதாகப் பார்த்தால், பத்து ஆசிரியர் உள்ள பள்ளியில் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரிடமும் போய்விடலாம்.

ரவுண்ட்ஸ் என்பது தாழ்வாரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது. சத்தம் அடங்கும், அதற்கு அது நல்லது. கற்பித்தலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. இது என் கருத்து மட்டுமில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் மயாமி-டேட் பகுதியில் சுமார் நூறு பள்ளிகளின் முதல்வர்களை நாள் முழுக்கக் கூடவே இருந்து கவனித்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து கற்பித்தலைச் செம்மைப்படுத்த முதல்வர் செலவிட்ட நேரம் மாணவர் முன்னேற்றத்தோடு சேர்ந்து போனது. வகுப்புகளுக்குள் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரும் நேரமோ எதிர்த்திசையில் போனது, குறிப்பாக உயர்நிலைப் பள்ளிகளில். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது. அதற்குள் பல வருட ரவுண்ட்ஸ் முடிந்திருந்தது.

சொல்லிவிட்டுப் போக வேண்டுமா, திடீரென்று போக வேண்டுமா?

சொல்லிவிட்டுப் போங்கள். ‘வியாழன் மூணாவது பீரியட் வர்றேன், 8பி’. தயார் செய்துகொள்வார்களே என்று கேட்பீர்கள். தயார் செய்யட்டும், நமக்கு வேண்டியதும் அதுதானே. ஜன்னல் ஓரம் நின்று ஒட்டுக் கேட்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதை ஒரு முறை செய்தாலும் ஓய்வறையில் ஆண்டு முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும்.

வகுப்பைப் பார்த்த பிறகு ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது?

எப்படிப் பேசக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தலைமையாசிரியரான முதல் ஆண்டு. அறிவியல் டீச்சர் ஒருவரின் வகுப்பைப் பார்த்தேன். வெளியே வந்ததும் பதினோரு குறைகளை எண் போட்டு எழுதி, மதிய இடைவேளையில், மற்ற ஆசிரியர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கையில் கொடுத்தேன். நேர்மையாக நடந்துகொண்டதாக நினைப்பு. அதன்பிறகு இரண்டு மாதம் நான் எப்போது அந்த வகுப்புக்குப் போனாலும், ‘இன்னிக்கு டெஸ்ட் சார்’ என்று வினாத்தாளைக் கொடுத்துப் பிள்ளைகளை எழுத வைத்துவிடுவார். பார்ப்பதற்கு வகுப்பே இருக்காது. தவறு என்னுடையது. பதினோரு குறையை யாராலும் திருத்த முடியாது. எல்லார் முன்னிலையிலும் வாங்கிய சீட்டை யாரும் படிக்கவும் மாட்டார்கள்.

பிறகு பழகிக்கொண்ட முறை இது. அன்றே பேசுவது, ஆனால் என் அறையில் அல்ல; காலியான அந்த வகுப்பறையிலேயே, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து. முதல் கேள்வி: ‘இன்னிக்கு யாருக்குப் புரியலைன்னு நினைக்கிறீங்க?’ அவர் சொல்லும் பெயர்களை நான் பார்த்த நோட்டுகளோடு ஒப்பிடுவோம். அப்புறம் ஒரே ஒரு விஷயம், ஒன்றுக்கு மேல் கிடையாது. ‘கேள்வி கேட்டதும் முதல் பெஞ்ச் பதில் சொல்லிடுது. அடுத்த வாரம் கேள்வி கேட்டுட்டு அஞ்சு எண்ணுற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் ஒரு பேரைச் சொல்லிக் கேட்டுப் பார்ப்போமா?’ அடுத்த முறை போகும்போது அந்த ஒன்றைத்தான் பார்ப்பேன். மற்றவை கண்ணில் பட்டாலும் வாயைத் திறப்பதில்லை. இது கடினம், பழக வேண்டும்.

வகுப்பை உட்கார்ந்து பார்த்த விவரத்தை (உற்றுநோக்கல்) இப்போது செயலியிலும் பதிய வேண்டியிருக்கிறது. பதியுங்கள், ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து பேசிய பிறகு. வகுப்பு நடக்கும்போதே கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தால், ஆசிரியருக்கு நீங்கள் வாட்ஸ்அப் பார்ப்பதாகத்தான் தெரியும்.

‘இருபத்தஞ்சு வருஷமா நடத்துறேன், எனக்கா சொல்லித்தர்றீங்க’ என்கிறார் மூத்த ஆசிரியர். என்ன செய்ய?

அவருக்குச் சொல்லித்தர வேண்டாம், அவரிடம் கேளுங்கள். அவர் வகுப்பில் ஏதாவது ஒன்று உண்மையிலேயே நன்றாக இருக்கும். கையெழுத்து, கதை சொல்லும் விதம், பிள்ளைகளின் வீட்டுக் கதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பது என்று ஏதோ ஒன்று. புதிதாக வந்த இளம் ஆசிரியரை அந்த வகுப்பில் கொண்டுபோய் உட்கார வையுங்கள். அடுத்த வாரம் மூத்தவர் இளையவர் வகுப்பில் உட்காரட்டும். நான் பார்த்தவரை, தலைமையாசிரியர் சொல்லி மாறாதவர்கள் பலர் இப்படி மாறியிருக்கிறார்கள். எல்லாரும் மாறினார்கள் என்று சொல்லமாட்டேன். ஒருவர் கடைசிவரை மாறவில்லை, நான் ஓய்வு பெறும் நாளிலும் அவர் பலகையைப் பார்த்துக்கொண்டேதான் பாடம் நடத்தினார்.

பாடக்குறிப்பேட்டில் வாரா வாரம் கையெழுத்துப் போடுகிறேன். அது வழிகாட்டுதல் ஆகாதா?

கையெழுத்து போடுவது விதி, போடுங்கள். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. போன வருடக் குறிப்பைத் தேதி மாற்றி எழுதியது எந்த நோட்டு என்பது உங்களுக்கே தெரியும், ஏனென்றால் நாமும் எழுதியவர்கள்தான்.

நான் செய்த ஒரே மாற்றம்: பாடக்குறிப்பேட்டோடு அந்த வகுப்பின் ஐந்து மாணவர் நோட்டுகளையும் திங்கள்கிழமை மேசைக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஆசிரியர் தேர்ந்தெடுப்பதல்ல, வருகைப் பதிவேட்டில் நான் சொல்லும் எண்கள்: 4, 11, 19, 26, 33 என்று. குறிப்பேட்டில் ‘நிலவரைபடம் வரைதல் செயல்பாடு’ என்று இருக்கும். பிள்ளையின் நோட்டில் நிலவரைபடமே இருக்காது. அல்லது ஐந்து நோட்டிலும் ஒரே விடை, ஒரே எழுத்துப்பிழையோடு. பலகையிலோ கைடிலோ இருந்த பிழை அது. பேச்சு அங்கிருந்து தானாகத் தொடங்கிவிடும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே சார்? எமிஸ் இணையப் பதிவு, நலத்திட்டம், காலை உணவு, பேரணி, கூட்டம்...

நியாயமான புலம்பல். ஆசிரியர்களைக் கற்பித்தலுக்கு வெளியே எதற்கெல்லாம் அனுப்பலாம் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது: பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். அவ்வளவே. நடைமுறையில் பட்டியல் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும்.

நான் கண்ட வழி சின்னது. காலை 10 முதல் 11.30 வரை என் அறைக் கதவு பூட்டியிருக்கும். நான் ஏதாவது ஒரு வகுப்பில் இருப்பேன். அவசரம் என்று வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை 11.30 வரை காத்திருந்தன, வானம் இடிந்து விழவில்லை. புள்ளிவிவரம் கேட்டு வரும் படிவங்களில் பாதி ஏற்கெனவே கொடுத்த விவரம்தான், நகல் ஒரு கோப்பில் இருந்தால் இளநிலை உதவியாளரே நிரப்பிவிடுவார். இளநிலை உதவியாளர் இல்லாத பள்ளி என்றால், உங்கள் மீது எனக்கு உண்மையான அனுதாபம் உண்டு.

கால அட்டவணையை உதவித் தலைமையாசிரியரோ ஒரு மூத்த ஆசிரியரோ போட்டுவிடுகிறார். அதில் நான் தலையிட வேண்டுமா?

கண்டிப்பாக. என்னைக் கேட்டால், பாட விஷயத்தில் தலைமையாசிரியர் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் அதுதான். ஜூன் மாதம் ஒரு தாளில் போடும் கட்டங்கள் ஆண்டு முழுக்கப் பிள்ளைகளை ஆட்டிவைக்கும்.

சாதாரணமாக அட்டவணை எப்படி உருவாகிறது? யாருக்கு முதல் பாடவேளை முடியாது, யார் நாலு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும், யாருக்கு 10ஆம் வகுப்பு வேண்டாம் என்பதிலிருந்து. பிள்ளைக்கு எது நல்லது என்பது கடைசியில் மிஞ்சும் கட்டத்தில் வரும். அதனால் பள்ளியின் கெட்டிக்கார ஆசிரியர்கள் எல்லாரும் 10ஆம் வகுப்பில் இருப்பார்கள், 6ஆம் வகுப்பு யாரும் கேட்காத பிள்ளையாக நிற்கும். நான் முதலில் மாற்றியது இதைத்தான். 10ஆம் வகுப்புக் கணக்கு எடுப்பவர் 6ஆம் வகுப்பில் ஒரு பிரிவையாவது எடுக்க வேண்டும். முதல் ஆண்டு முணுமுணுப்பு இருந்தது. நான்கு வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளே அவரிடம் 10ஆம் வகுப்புக்கு வந்தபோது, ‘இந்த பேட்ச் பரவாயில்லை சார்’ என்றார். அவர் போட்ட அடித்தளம்தானே.

இன்னும் சில. அறிவியலுக்கு வாரத்தில் ஒரு முறையாவது இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் வேண்டும், இல்லையென்றால் ஆய்வகப் பூட்டு திறக்காது. 10ஆம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண், அதைப் பிப்ரவரியில் அவசர அவசரமாகச் செய்து காட்டுவது எல்லாருக்கும் தெரிந்த அவலம். ஒரு வகுப்புக்கு ஒரே பாடம் எல்லா நாளும் கடைசிப் பாடவேளையில் விழக் கூடாது. காலை வழிபாட்டுக் கூட்டம் நீண்டால் முதல் பாடவேளை கரையும், அதை அடிக்கடி இழப்பது எந்தப் பாடம் என்று பாருங்கள். உடற்கல்விப் பாடவேளையைக் கடன் வாங்காதீர்கள். வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

அட்டவணை போட்டபின் அது நடக்கிறதா என்று பார்ப்பது தனி வேலை. கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம்; 6 முதல் 8 வரை 220 நாள், 1000 மணி நேரம் கற்பித்தல் வேண்டும் என்கிறது. பள்ளி திறந்திருந்த நாளை எல்லாரும் கணக்கு வைக்கிறோம். பாடம் நடந்த மணியை யார் கணக்கு வைக்கிறார்கள்? ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு வேறொருவரை அனுப்பியதைக் குறிக்கும் மாற்றுப் பாடவேளைப் பதிவேட்டை ஒரு பருவம் முழுக்க எடுத்து வைத்து எண்ணினேன். 8பி பிரிவுக்கு வாரம் ஏழு வீதம் வர வேண்டிய கணக்குப் பாடவேளைகளில் மூன்றில் ஒரு பங்கு நடக்கவே இல்லை. அந்த ஆசிரியர் சோம்பேறி அல்ல. நல்ல ஆசிரியர் என்பதாலேயே மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளராக, விடைத்தாள் திருத்த, மாவட்ட நிகழ்ச்சிக்கு என்று அவரையே அழைத்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பி வைத்தது நான்தான். அதன்பின் ஒருவரையே திரும்பத் திரும்ப அனுப்புவதை நிறுத்தினேன்.

6ஆம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழே வாசிக்கத் தெரியவில்லை. பாடத்தை முடிப்பதா, எழுத்து சொல்லித்தருவதா?

இரண்டும். ஆனால் முதலில் யாருக்குத் தெரியாது என்று பெயர் பெயராகத் தெரிய வேண்டும். ‘பாதிப் பேருக்குத் தெரியாது சார்’ என்பது தகவல் அல்ல. ஜூன் மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்கி, 3ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். எழுத்துக் கூட்டுபவர், திக்கித் திக்கி வாசிப்பவர், சரளமாக வாசிப்பவர் என்று மூன்று வரிசை கிடைக்கும். கணக்குக்கும் அப்படியே: இரண்டிலக்கக் கழித்தல், ஒரு வகுத்தல்.

கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலான அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2022-23இல் ‘எண்ணும் எழுத்தும்’ 1 முதல் 3ஆம் வகுப்பு வரை வந்தது. பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது அதன் அடிப்படை. பின்னர் 4, 5 வகுப்புகளுக்கும் போனது. 2025-26இல் பெரிய வகுப்புகளுக்கும் ‘திறன்’ என்ற பெயரில் அடிப்படைத் திறன் வகுப்புகள் வந்திருக்கின்றன. திட்டத்தின் பெயர் மாறலாம். பள்ளி அளவில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 6, 7, 8 மூன்று வகுப்புக்கும் ஒரே பாடவேளையை ஒதுக்கி, அந்த நேரத்தில் மட்டும் வகுப்புச் சுவரை மறந்து நிலைவாரியாகப் பிள்ளைகளை உட்கார வைப்பது. ஓவிய ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர், நான் உட்பட எல்லாரும் ஆளுக்கொரு குழு எடுத்தோம். எழுத்துக் கூட்டும் குழு மிகச் சிறியதாகவும், மிகப் பொறுமையான ஆசிரியரிடமும் இருக்க வேண்டும். அதைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் குழுவுக்குப் பிள்ளைகளே ஒரு பெயர் வைப்பார்கள், அது நல்ல பெயராக இருக்காது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை மீண்டும் வாசிக்கச் சொல்லி, முன்னேறியவர்களை உடனே அடுத்த குழுவுக்கு மாற்றினால் அந்தப் பெயர் ஒட்டாது. மாற்றாமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நானே மூன்று வகுப்பு எடுக்கிறேன். யாரை வழிநடத்துவது?

உங்கள் நிலை வேறு. மேலே சொன்ன பலவும் உங்களுக்குப் பொருந்தாது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டக் கணக்கு, ஐந்து வகுப்பு என்பது பள்ளிக் கணக்கு. பல வகுப்பை ஒன்றாக வைத்து நடத்துவதை ஒரு குறையாகப் பார்க்காமல், அதற்கென்று ஒரு முறை உண்டு என்று ஏற்றுக்கொள்வதுதான் முதல் படி. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை, அதாவது பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களாகவே படிப்படியாகக் கற்ற முறையை, நினைத்துப் பாருங்கள். அட்டை, ஏணிப்படி, சுவரோரம் பிள்ளைகள் எட்டும் உயரத்தில் கரும்பலகை. அட்டைகள் போய்விட்டன, தாழ்வான கரும்பலகை இன்றும் பல பள்ளிகளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். ஒரு வகுப்புக்கு நீங்கள் சொல்லித்தரும்போது இன்னொரு வகுப்பு அங்கே எழுதட்டும்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை காலத்து வழக்கம். 1789இல் எழும்பூரில் ஒரு ராணுவ அனாதைப் பள்ளியைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இங்கே பார்த்த முறைகளை எடுத்துக்கொண்டுபோய், ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரப்பினார். ஆக, நம்மிடமிருந்து போன சரக்குதான். ஆனால் சட்டாம்பிள்ளையிடம் பிரம்பைக் கொடுக்காதீர்கள்!

வழிநடத்த ஆள் இல்லை என்றால் பேச ஆள் வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாமல், உங்கள் பிள்ளைகளின் நோட்டு நான்கைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பக்கத்து ஊர் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியர் வகுப்பில் எதையும் மாற்றவில்லை. பயிற்சியே வீண்தானா?

பயிற்சி பாதி வேலை. மீதிப் பாதி அவர் திரும்பி வரும் நாளில் நடக்க வேண்டும். வந்ததும் ‘எப்படி இருந்தது, சாப்பாடு நல்லா இருந்ததா’ என்பதோடு விட்டுவிடுகிறோம். அதற்குப் பதிலாக, வெள்ளி மாலை இருபது நிமிடம், அவர் கற்றதில் ஒன்றை மற்றவர்களுக்குச் செய்து காட்டட்டும். நீங்களும் மாணவர் இடத்தில் உட்காருங்கள். நியூசிலாந்துக் கல்வியாளர் விவியன் ராபின்சன் 2008இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பள்ளித் தலைவர் செய்யும் வேலைகளில் மாணவர் கற்றலோடு மிக வலுவாகச் சேர்ந்து வந்தது இதுதான்: ஆசிரியர்கள் கற்பதை ஊக்குவிப்பது, கூடவே தானும் உட்கார்ந்து கற்பது. கட்டடம், ஒழுங்கு, வளம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தன.

10ஆம் வகுப்புத் தேர்ச்சி சதவீதம் குறைந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மற்றதையெல்லாம் எப்படிப் பார்ப்பது?

கூப்பிடுவார்கள். மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்றவன் நானும்தான். மெல்லக் கற்போருக்குக் குறைந்தபட்சப் பாடம், மாலை வகுப்பு, சுண்டல் எல்லாம் நடத்துங்கள், தவறில்லை. 35 எடுக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த 35 பெரிய விஷயம். அடுத்த வாசல் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது.

ஆனால் அந்த ‘மெட்டீரியல்’ ஜனவரிக்கு முன் வகுப்புக்குள் வரக் கூடாது. ஜூனிலேயே ஐந்து வினாவைப் பிடித்துக்கொண்டு மனப்பாடம் செய்ய வைத்தால், 45 எடுக்கக்கூடிய பிள்ளையும் 35ஓடு நின்றுவிடும். அதிலும் எப்போதும் ‘தேறாது’ என்று பெயர் எடுத்த அதே பத்துப் பேரைத்தான் இப்படி ஒதுக்குகிறோம். அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று ஒரு முறை பட்டியலைப் பாருங்கள். நான் பார்த்தபோது பெரும்பாலோர் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பது எனக்குச் சங்கடமாக இருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பாடத்தைப் பற்றிப் பேசலாமா? பெற்றோருக்குப் புரியுமா?

குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். கழிப்பறை, சுற்றுச்சுவர் தாண்டிப் பேச்சு போவதில்லை என்பது உண்மைதான். ஒரு கூட்டத்தில் நான் ஒன்றும் பேசாமல், 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை அழைத்துத் தினத்தந்தியில் ஒரு செய்தியை வாசிக்கச் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு, அழைக்காமலே கூட்டம் வந்தது. பிள்ளையைக் கூச்சப்படுத்தாமல் செய்ய வேண்டும். முதல் முறை வாசிக்கத் தெரிந்தவர்களையே அழையுங்கள்.

ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்தச் சொல்வது?

காணொலி ஓடும்போது ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அது சினிமா. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்திக் கேள்வி கேட்டால் பாடம்.

கடைசியாக ஒன்று. தலைமையாசிரியர் தானும் வகுப்பு எடுக்க வேண்டுமா?

எடுக்க வேண்டும். வாரத்துக்கு நான்கு பாடவேளையாவது, அதுவும் 6 அல்லது 7ஆம் வகுப்பில். அந்த வகுப்புக்கு மற்ற ஆசிரியர்களை வரச் சொல்லுங்கள்.

நான் 6ஆம் வகுப்புக் கணக்கு எடுத்தேன். பணிக்கு வந்து இரண்டே வருடமான ஓர் ஆங்கில ஆசிரியர், நான் கூப்பிட்டேன் என்பதற்காகத் தயங்கித் தயங்கி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முடிந்ததும் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க’ என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நோட்டைத் திறந்து காட்டினார், கோடு கோடாகப் போட்டு எண்ணி வைத்திருந்தார். ‘சார், நீங்க பத்தொன்பது கேள்வி கேட்டீங்க. அதுல பதினாலுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க.’